கரும்பட்டைக்கு அடியில்

1

2022 செப்டம்பர் 14, புதன்கிழமை. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் காலை முதல் விடாத தூறல். அன்று நடந்ததை நான் அறிந்தது நான்கு நாள் கழித்து. பக்கத்து வீட்டு பெர்லிதா தன் கணினியை என் பக்கம் திருப்பி, "படிச்சுட்டு என்னைத் திட்டுங்க" என்றபோது. நான் திட்டவில்லை, எழுதுகிறேன். அது அதனினும் கொடிது.

2

'உப்பளத்து வாரிசு' என்னும் பிற்பகல் தொடரின் ரசிகர்களுக்காக பெர்லிதா நடத்திய இணைய மன்றம், அன்பால் பிணைந்த ஒரு

(இவ்வாக்கியத்தை முடிக்க என்னால் இயலவில்லை.)

அம்மன்றத்தில் ஒரு நோன்பு உண்டு. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் நெனிதாவுக்கு ஞாயிறன்றுதான் அலைபேசி கையில் கிடைக்கும். ஆகவே வாரத்தின் கதையை எழுதுவோர் அதைக் கரும்பட்டையால் மூடுவர். தொட்டால் எழுத்து தெரியும். நெனிதா வரும்வரை ஒருவரும் தொடார்.*

* சொந்தத் துயரையும் அவ்வாறே மூட வேண்டும் என்பது, இது நடப்பதற்குச் சில மாதம் முன் பெர்லிதா சேர்த்த விதி.

3

புதன் மாலை 4.12. தொடர் முடிந்த சற்று நேரத்தில் நெனிதாவே ஒரு கரும்பட்டை இட்டாள்.

"அடியே, இன்னைக்கு நேரலையிலயே பார்த்துட்டியா!" என்று பெர்லிதா எழுதினாள். "ஞாயிறு அவ வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்கப்பா. கதைக்காக அவ எத்தனை வாரம் காத்திருந்தா!"

"பாவம், அவ மேடம் மனசு இளகிருச்சு போல," என்றாள் ஒருத்தி.

"இளகல, டிவிய அணைக்க மறந்திருப்பா!"

முப்பத்தாறு பேர் சிரித்தனர். ஒருவரும் தொடவில்லை.

4

ஞாயிறு காலை 9.05. "அக்கா, போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் நெனிதா.

எதை என்று விளங்காமல் பெர்லிதா பட்டையைத் தொட்டாள்.

"அக்கா, தம்பி ரொமேலுக்கு வலிப்பு வரும்னு சொல்லியிருக்கேன்ல. நாலு தடவ அடிச்சும் போன் எடுக்கல. வீட்டுல தனியா இருக்கான். உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி, பச்சைக் கதவு. ஒரு எட்டு போய்ப் பாருங்க. மேடம் அஞ்சு நிமிஷந்தான் போன் குடுத்தாங்க, இனி ஞாயிறுதான். நீங்க இருக்கீங்க, எனக்குப் பயமில்ல."

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். முதலாவதில் ரொமேல் புதனன்று காலையிலேயே இறந்துவிடுகிறான், பெர்லிதா பழியிலிருந்து பிழைக்கிறாள். அதைக் கிழித்தேன். இரண்டாவதில் அவன் கதவைத் திறந்து

(இல்லை.)

மூன்றாவது நடந்தது. ஞாயிறு பகலில் காவலர் பச்சைக் கதவை உடைத்தனர். அவன் இறந்தது வியாழன் மாலை என்றார் மருத்துவர்.

6

நாள் முழுதும் நெனிதா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அக்கா? இருக்கீங்களா? இன்னும் கொஞ்ச நேரத்துல போனைத் திருப்பிக் குடுக்கணும்."

பெர்லிதா ஒரே ஒரு மறுமொழி எழுதினாள். வழக்கப்படி அதையும் மூடினாள்.

██████████████

நான் தொடவில்லை. விரல் உங்களுடையது. அதன் கீழே இறுதி வரி மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறது:

மன்றம் பூட்டப்பட்டது. ஞாயிறு, மாலை 5.40.