சங்கு ஊதாத இன்ஜினியர்

எவரிஸ்தோ லொசாதாவைக் கண்டாலே ஹசிந்தாவுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அவள் வேலை பார்க்கும் மெக்சிகோ நகரத்தின் நிலநடுக்க எச்சரிக்கை அறைக்கு அந்த மனிதர்தான் தலைவர். போன மாதம் கடற்கரைக் கருவிகள் ஒரு சின்ன நடுக்கத்தைப் பெரிதாகக் கணித்து நகரம் முழுக்க அபாயச் சங்கை ஊதிவிட்டன. ஜனங்கள் பைஜாமாவோடு தெருவில் வந்து நின்றார்கள். தரை இம்மியும் அசையவில்லை. மறுநாள் லொசாதாவின் முகத்தைக் கழுதை உடம்பில் ஒட்டிப் படம் போட்டு ஊரே சிரித்தது. அவ்வளவுதான், மனிதர் சங்கு தானாக ஊதுவதையே நிறுத்திவிட்டார். இனி அவர் விரல் பட்டால்தான் ஊதும்.

"நடுக்கத்தோட முதல் மூணு நொடி அலையை வச்சுத்தானே இன்ஜினியரே அளவு சொல்றோம்? கூடக் குறையத்தான் இருக்கும். அதுக்குப் பயந்தா எப்படி?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"உன் மூஞ்சியையா கழுதைல ஒட்டுனாங்க?"

ஹசிந்தாவின் அண்ணன் ரமீரோவுக்கு ஒரு கால் கிடையாது. சின்ன நடுக்கத்துக்கே குலுங்கும் பழைய ஏரிப் படுகையில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறான். கடற்கரையில் நடுங்கினால் அது நகரத்தை எட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்; சங்கு கேட்டால் கைப்பிடியைப் பற்றிக் குதித்துக் குதித்து ஒரு நிமிடத்தில் இறங்கிவிடுவான். அந்த ஒரு நிமிடத்தில் கை வைக்க இந்த ஆள் யார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் நேரம், கடற்கரைக் கருவிகளில் நில அதிர்வு பதிவானது. திரையில் ஆறு புள்ளி இரண்டு. உடனே ஆறு புள்ளி ஆறு.

"ஊதுங்க இன்ஜினியரே!"

"இரும்மா, இரு. இன்னொரு கணக்கு வரட்டும்."

எண் ஏழைத் தாண்டியது. அவள் பதறித் திரும்பினாள். லொசாதா சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கைபேசியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடு. கேள்வி கேக்காத, ஓடுன்னா ஓடு!"

சீ, நீயும் ஒரு மனுஷனா! ஹசிந்தா அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் பொத்தானை ஓங்கி அறைந்தாள். ஊரெல்லாம் சங்கு அலறியது.

ரமீரோ கடைசி வளைவுக்கு வந்தபோது கட்டடம் ஆடத் தொடங்கியது. இடிந்து விழுந்த படிக்கட்டோடு உருண்டான். உயிர் தப்பியது, இருந்த காலும் முட்டிக்குக் கீழே நசுங்கிப் போனது.

இரவு ஆஸ்பத்திரி தொலைக்காட்சியில் லொசாதா கோட்டும் டையுமாக வந்தார். தீர யோசித்துச் சரியான தருணத்தில் எச்சரித்தோம் என்றார்.

"நல்லாப் பேசுறாரே உங்க ஆளு," என்றான் ரமீரோ. "பாவம், அவர் வீட்ல எல்லாரும் தப்பிச்சாங்களா?"

"தப்பிச்சாங்க," என்றாள் ஹசிந்தா. "உனக்கு முன்னாடியே இறங்கிட்டாங்க."