ஏழாம் கூண்டின் சீட்டு

தார்பெல்லா சாக்லேட்டை இத்தாலியின் தூரின் நகரில் மூன்று தலைமுறை ஒரே குடும்பம் செய்தது. பிறகு மிலான் பிஸ்கட்காரனுக்கு விற்றது. அவன் டச்சுக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டான். டச்சுக்காரர்கள் தயாரிப்பைப் போலந்துக்கு மாற்றத் தயாரானார்கள். பழைய குடும்பம் பத்திரத்தில் எழுதிவைத்த ஒரு நிபந்தனைதான் குறுக்கே நின்றது. வேறு ஊரில் செய்த சாக்லேட்டில் எங்கள் ருசியாளர்கள் வித்தியாசம் கண்டுபிடித்தால் மாற்றக் கூடாது. இல்லையென்றால் அறுபது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தட்டில் வரும் மூன்று துண்டுகளில் ஒன்று மட்டும் போலந்தில் செய்தது. அதன் எண்ணைச் சீட்டில் எழுத வேண்டும். ஆளுக்கொரு கூண்டு, நிறம் காட்டிக்கொடுக்காமல் உள்ளே சிவப்பு விளக்கு. பின்பக்கச் சின்னக் கதவு வழியாகத் தட்டைத் தள்ளுவது என் வேலை.

அன்று ஆறு பேர் உட்கார்ந்தார்கள். கைப்பழக்கத்தில் ஏழாம் கூண்டுக்கும் தள்ளிவிட்டேன். அது எர்மெலிந்தாவின் இடம். அவளைப் புதைத்து மூன்று வாரம்.

தட்டு திரும்பி வந்தது. மூன்று துண்டிலும் முனை கடிபட்டிருந்தது. சீட்டில் அவள் கையெழுத்து. அதையும் மற்றவற்றோடு வைத்தேன்.

டச்சுக் கம்பெனியிலிருந்து வந்த மரைக்கே என்பவள் சரியான சீட்டுகளை எண்ணினாள்.

"ஆறு பேர்னாலும் ஏழு பேர்னாலும் அஞ்சு சரியா இருக்கணும். அஞ்சு இருக்கு. ஆனா வெளிய நிக்கிறது ஆறு பேருதானே?"

அந்த ஆறில் நான்குதான் சரி. தப்பாக எழுதிய இருவரில் மூத்தவர் தெரெசியோவும் ஒருவர். அவர்தான் பதில் சொன்னார்.

"எர்மெலிந்தா இன்னும் உள்ள இருக்கா மேடம். எதையும் அவசரமா முழுங்க மாட்டா. கல்யாணத்துக்கே நாலு வருஷம் யோசிச்சவ."

"கூப்பிடுங்க."

யாரும் நகரவில்லை. மரைக்கே போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம். அந்தக் கூண்டில் நான் தண்ணீர் வைக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"சொல்ல முடியாது மேடம். உங்களுக்கு விமானம் இருக்குல்ல?"

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். வித்தியாசம் உண்டு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மேல்கோட்டை மறந்து கிளம்பினாள். தொழிற்சாலை எங்களுக்கே மிஞ்சியது.

தெரெசியோ கதவில் வாயை வைத்துச் சொன்னார்: "முடிஞ்சுது எர்மெலிந்தா. இனி நீ போலாம்."

என் பக்கத்துச் சின்னக் கதவை யாரோ உள்ளிருந்து விரலால் இரண்டு முறை தட்டினார்கள். அடுத்த தட்டு வேண்டுமாம்.