மூன்றரை மணி எழுத்து

ஹீத்ரோவில் இறங்கியபோது துஷாந்தனிடம் பெட்டியும் இல்லை, பொறுமையும் இல்லை. பெட்டி ஒஸ்லோவில் தங்கிவிட்டது. பொறுமை அதற்கும் முன்பே, வடதுருவத்துக்குப் பக்கத்து ஸ்வால்பார்ட் தீவில், மூடுபனியில் சிறு விமானம் எழும்பாமல் கிடந்த நாட்களில் தீர்ந்துபோயிற்று. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு ஜெனரேட்டர் பார்க்கும் வேலை. விஞ்ஞானிகள் பனியை அளப்பார்கள். அவர்கள் விறைத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது இவன் பாடு. கல்யாணத்துக்கென்று கிடைத்த பத்து நாள் லீவில் பாதியை மூடுபனி தின்றுவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை. மணி இரண்டு. மூன்றரைக்கு ஹரோவில் எழுத்து. கோயிலில் தாலி ஏறுவது ஞாயிறன்று. அதற்கு முன் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுச் சட்டப்படி மணமுடிப்பதுதான் எழுத்து. செவ்வாய்க்கிழமை நடக்க இருந்ததை மணப்பெண் கோசிகா கெஞ்சிக் கூத்தாடி இன்றைக்கு மாற்றியிருந்தாள். இதையும் விட்டால், அவன் மறுபடி லீவில் வரும் மாசி மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

"எழுத்தில்லாமல் மணவறையில இருக்கமாட்டன்," என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள். அவளுடைய அக்கா கம்சிகாவுக்குக் கோயிலில் தாலி கட்டியவன், பதிவைப் பிறகு பார்ப்போம் என்று இழுத்து இழுத்து, ஒரு நாள் கனடாவுக்குப் பறந்துவிட்டான். கேட்கப்போனால், சட்டப்படி கல்யாணமே நடக்கவில்லையாம்.

டாக்ஸியில் ஏறியதும் அம்மா தவநாயகியின் போன்.

"நேர வீட்டை வா மோனை. சோறு காய்ச்சி வச்சிருக்கிறன்."

"எழுத்துக்குப் போறன் அம்மா."

"ஐயோ, அது ஏலாது! பொன்னுருக்கு முடிஞ்சுதெல்லே? இனித் தாலி ஏறுமட்டும் பொம்பிளையின்ர முகம் பாக்கக்கூடாது."

துஷாந்தன் தலையில் கைவைத்தான். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு நேற்றுக் காலை நடந்தது. மாப்பிள்ளை நோர்வேயில் விமானத்துக்கு வரிசையில் நிற்க, வீட்டில் தாய்மாமா சண்முகராசா தன் போனில் அவனை வீடியோவில் அழைத்து, மாப்பிள்ளைக்குப் பதிலாக அதை வெற்றிலைத் தட்டத்தில் வைத்துக் குங்குமமும் வைத்தார். பத்தர் பொன்னை உருக்கினார். எல்லாருக்கும் எழுத்து முதலில், பொன்னுருக்கு பிறகு. மூடுபனி முறையை மாற்றிப்போட்டதை ஒருவரும் யோசிக்கவில்லை.

"இண்டைக்கு எழுத்து எண்டு தெரிஞ்சும் ஏன் நேற்று உருக்கினனீங்கள்?"

"ஐயர் வேற நேரம் இல்லை எண்டவர்."

"ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லையே?"

"உருக்கி முடிஞ்ச பிறகுதான் வந்தது."

அவன் போனை அணைத்தான். வெள்ளிக்கிழமைப் போக்குவரத்தில் டாக்ஸி ஊர்ந்தது. ஆவணி வெயிலில் துருவத்து ஜாக்கெட்டுக்குள் வேர்த்து ஒழுகியது.

மூன்று இருபதுக்கு அலுவலகத்துக்குள் ஓடினான். அம்மா அவனை முந்தி வந்து நின்றாள், கையில் ஒரு படுக்கை விரிப்போடு. பக்கத்தில் மாமா.

"நானும் தம்பியும் நடுவில பிடிக்கிறம். நீ இந்தப் பக்கம் சைன் வை, அவள் அந்தப் பக்கம் வைக்கட்டும்."

பதிவாளர் அம்மணி விரிப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் முகம் தெரிய எதிரே நிற்காவிட்டால் பதிய முடியாது, அடுத்த ஜோடி காத்திருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னார்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்..."

"கும்பிடாதை. சாத்திரம் சாத்திரந்தான்."

மாமியின் சொல்லுக்காகப் பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் நின்ற கோசிகாவின் குரல் வந்தது.

"மாமி, நேற்றுத் தட்டத்தில இருந்தது ஆர்?"

"இவன் தம்பியின்ர போன்."

"குங்குமம் எதுக்கு வச்சனீங்கள்?"

"போனுக்குத்தான். வேற எதுக்கு?"

"அப்ப ஞாயிறு தாலி ஏறுமட்டும் அந்தப் போனின்ர முகத்தை நான் பாக்கமாட்டன். சத்தியமா."

சண்முகராசா சட்டைப் பையைச் சட்டென்று பொத்திக்கொண்டார். "அக்கா, பெட்டை சொல்லுறது நியாயம்."

"நீ வாயை மூடு! எல்லாம் உன்ர போனால வந்த வினை!" என்றாள் தவநாயகி. ஆனால் விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துவிட்டாள்.

கதவு திறந்தது. நான்கு மாதத் தாடியைக் கோசிகா மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்கு மாமி விரிப்பைப் பிடிச்சிருக்கலாம்."

சிரிக்கவும் தெம்பில்லாமல் அவன் பேனாவை எடுத்தான். அவளும் கையெழுத்திட்டாள். தங்கையோடு வந்திருந்த கம்சிகாவும் மாமாவும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்.

பதிவாளர் நீட்டிய சான்றிதழை எல்லாருக்கும் முந்திக் கம்சிகாவே வாங்கினாள். தங்கையின் பெயர், துஷாந்தனின் பெயர், திகதி. ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்தாள். பிறகு மறுபடி வாசித்தாள். மடித்துத் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இது என்னட்டை இருக்கட்டும்," என்றாள்.

அதைத் தரச்சொல்லி யாரும் கேட்கவில்லை, தவநாயகிகூட.