செம்புத் தட்டில் உலர்ந்த கொழுந்து

"தேத்தண்ணிக்குள்ள ஆணியப் போட்டா ஏன் கறுக்குது?"

எட்டு வயதில் பெற்றீசியா கேட்டது இது. கேட்பதற்கு முன்பே, றொசல்லத் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசை வைக்க வந்த பங்குச்சாமியின் கோப்பையில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டும் பார்த்துவிட்டாள். ஒரு மிடறு குடித்த சாமி முகம் சுளித்தார். கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் செபமாலை சட்டென்று, தண்ணீர் கொதிக்கவைத்த தன் கேத்தல்தான் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார். அதன்பின் ஒரு வருடம் சாமி, வரும்போதெல்லாம் "இன்னைக்குத் தேத்தண்ணியா, மையா?" என்று கேட்டு உபதேசியாரைக் கேலி செய்தார். செபமாலை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்; அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

1984இல் அவள் கண்டியில் ஆராய்ச்சி மாணவி. தேயிலைக் கொழுந்தின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்வதுபோலச் செம்பையும் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்த பொருள் புற்றுநோய்க் கலங்களை அழிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துச் செடிகளுக்குக் கொப்புள நோய்க்காகச் செம்பு மருந்து அடிப்பார்கள். ஆகவே மருந்து படாத, கோயிலுக்குப் பின்னாலுள்ள செடிகளின் கொழுந்தைச் செபமாலைதான் கழுவி உலர்த்தி அனுப்பி வந்தார்.

ஆனால் செம்பு சேர்த்த சாறும் சேர்க்காத சாறும் ஒரே அளவில் கலங்களைக் கொன்றன. செம்புக்கு வேலையே இல்லையென்றால் அவள் ஆய்வுக்கும் வேலை இல்லை. மாதம் முடிவதற்குள் காரணம் காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார் பேராசிரியர்.

அவள் ரயிலேறி றொசல்லவில் இறங்கினாள்.

"நம்ம கொழுந்து வேல செய்யுதா, பாப்பா?" என்று கேட்டார் செபமாலை.

"ரொம்ப நல்லா செய்யுது மாமா. அதான் பயமா இருக்கு."

எதில் உலர்த்தினார் என்று மெல்லக் கேட்டாள். அவர் பெருமையோடு பீடத்துப் பூத்தட்டைத் தூக்கி வந்தார். செம்புத் தட்டு. ஒவ்வொரு முறையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார்.

"நோயாளிக்குப் போற சாமான். தகரத்துல வைக்க மனசு வரல."

ஈரக் கொழுந்து செம்பைக் குடித்திருக்கும் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. சொன்னால் இந்த மனிதர் ஒரு வாரம் சாப்பிடமாட்டார் என்பதும் விளங்கியது.

"இனி நானே வந்து காயவைக்கிறேன் மாமா. புண்ணியம் பூரா உங்களுக்கேவா? எனக்கும் கொஞ்சம் வேணாமா?"

"பேராச புடிச்ச புள்ள," என்று சிரித்தார் அவர்.

கண்டிக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆளில்லாத ஆய்வுகூடத்தில் மீதிக் கொழுந்தைச் சோதித்தாள். செம்பு இருந்தது; செம்பு சேர்க்காத சாறு என்று அவள் நினைத்ததிலும் முதலிலிருந்தே செம்பு இருந்திருக்கிறது. அறிக்கையில் அதை எழுதி, எதில் உலர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதது தன் கவனக்குறைவு என்றும் எழுதினாள். உலர்த்தியவர் பெயரை எழுதவில்லை. கையெழுத்திட்டு, பேராசிரியரின் பூட்டிய அறைக்குள் கதவின் அடியால் தாளைத் தள்ளிவிட்டாள்.