புள்ளி போகாத இடம்

நான் கண்களைப் பற்றிப் படித்தவன். கண் மருத்துவன் இல்லை. மருந்து எழுதித் தரச் சொல்லி யாரும் வந்துவிட வேண்டாம். கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, ஏன் அங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்லூரியில் உளவியல் துறையில் இதையே பாடமாகவும் நடத்துகிறேன். ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கும்போதும் கண் நொடிக்கு இரண்டு மூன்று தடவை தாவுகிறது. தாவும் அந்த நேரத்தில் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதும் தெரிவதில்லை. இதை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்வேன். சொல்லிவிட்டு, இந்த ஏற்பாட்டை நானே செய்து வைத்த மாதிரி ஒரு புன்னகையோடு நிற்பேன்.

மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘புள்ளி’. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அதன் சட்டத்தில் இரண்டு குட்டிக் கேமராக்கள். ஒன்று எதிரே இருக்கும் காட்சியைப் படம் பிடிக்கும், இன்னொன்று நம் கருவிழியைப் படம் பிடிக்கும். இரண்டையும் கணினியில் சேர்த்தால் காட்சியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஓடும். கண் போன இடமெல்லாம் புள்ளி போகும். அந்தப் புள்ளியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். பெரும்புள்ளி என்று பெயர் வைத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இந்த வருடம் எங்கள் முதல்வர் அம்மா ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு வகுப்புக்கும் சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் தொடங்க வேண்டும், பாடத்தை அங்கேயும் நடத்த வேண்டும். “பசங்க எங்க இருக்காங்களோ அங்க நாம போகணும் சார்” என்றார். கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசியது நான் ஒருவன்தான். கவனம் சிதறும் என்றேன். ஆய்வு முடிவுகளை அடுக்கினேன். மேஜையைக்கூட லேசாகத் தட்டினேன். பிறகு இடத்துக்கு வந்து பக்கத்தைத் தொடங்கினேன்.

முதல் பதிவுக்கு ஏழு லைக் விழுந்தது. அன்றிலிருந்து அந்த எண் ஏறியதா என்று பார்ப்பதே என் முழுநேர வேலையாகிவிட்டது. வகுப்பில் “எல்லாரும் போனை உள்ள வைங்க” என்று அதட்டிவிட்டு மேஜைக்கு அடியில் என் போனைத் தடவிக்கொண்டிருப்பேன். வேதியியல் துறை அம்மா நிறம் மாறும் திரவங்களைக் காட்டி ஆயிரக்கணக்கில் லைக் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் குடுவையைக் குலுக்கினால் உலகமே பார்க்கிறது. மனிதக் கண்ணின் ரகசியத்தை நான் எடுத்துச் சொன்னால் ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருவன் நான்.

அப்போதுதான் முட்டை யோசனை வந்தது. அன்றாட வேலைகளில் கண் கைக்கு முன்னால் போய் வழி பார்த்து வைக்கும். கை வாணலியைத் தொடும் முன்பே கண் அங்கே போயிருக்கும். கை அதைப் பிடிக்கும்போது கண் எண்ணெய்க்குத் தாவியிருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டில் முட்டை பொரிக்க வேண்டியது, அந்தப் படத்தைப் புள்ளியோடு பக்கத்தில் போட வேண்டியது, கண் எங்கே முந்துகிறது, கை எங்கே பிந்துகிறது என்று மாணவர்கள் கீழே எழுத வேண்டியது. பாடமும் ஆச்சு, பக்கமும் ஆச்சு, இரவுச் சாப்பாட்டுக்கு முட்டையும் ஆச்சு.

ஒரு மாலை அப்படியே செய்தேன். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் படத்தை ஓட்டிப் பார்த்தேன். நான் எப்போதும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். கண் ஆராய்ச்சிக்குக் காது எதற்கு? புள்ளி போகும் இடம்தான் என் கணக்கு. புள்ளி போகாத இடத்தில் எனக்கு வேலையே இல்லை. அன்று புள்ளி அருமையாக ஓடியது. உப்பு டப்பா, அடுப்பின் திருகு, முட்டையின் விளிம்பு. நடுநடுவே மேடைமேல் கிடந்த போனுக்கும் ஓடிப்போய் வந்தது. அதை இயல்பான கவனச் சிதறல் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அப்படியே பதிவேற்றிவிட்டேன்.

அடுத்த நாள் காலை கருத்துகள் இருநூறைத் தாண்டியிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கருத்தையும் படிக்கவில்லை; எண்ணிக்கையே வயிற்றை நிரப்பிவிட்டது. முதல்வர் அம்மா வராந்தாவில் என்னை நிறுத்தி, “உங்க முட்டையத்தான் சார் எல்லாரும் பாக்கறாங்க” என்றார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. பொறாமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய பாடம் உரையாடலில் கண்களின் வேலை. இருவர் பேசும்போது பேசுகிறவரைவிடக் கேட்கிறவர்தான் அதிகமாக எதிராளியின் முகத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பது கேட்பதில் பாதி என்று விளக்கினேன். குரலில் நெய் வழிந்தது. பிறகு பெரிய திரையில் முட்டைப் படத்தைத் திறந்தேன். வழக்கம்போல ஒலி இல்லாமல்.

முன்வரிசையில் ஒரு பெண் உண்டு. எதைச் சொன்னாலும் “ஒரு சந்தேகம் சார்” என்று கையைத் தூக்குவதால் அவளுக்குப் பெயரே ‘சந்தேகம்’. அவள் கையைத் தூக்கினாள்.

“ஒரு சந்தேகம் சார். இதுல கண்ணாடி போட்ட பொண்ணு ஒருத்தங்க வராங்களே, அவங்க யாரு?”

“பொண்ணா?”

“கதவுகிட்ட நிக்கறாங்க சார். ரொம்ப நேரமா நிக்கறாங்க.”

“எங்க வீட்டுல இருக்கற பொண்ணு என் மக மட்டும்தான். அவளுக்குக் கண்ணாடியெல்லாம் கிடையாது” என்றேன். கண் விஷயத்தில் என்னையே மடக்கப் பார்க்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. “ஓரமா தெரியற எதுவுமே தெளிவா இருக்காதும்மா. ஓரப்பார்வை நம்மள ஏமாத்தும். அத அடுத்த வாரம் நடத்தறேன்.”

“இல்ல சார், அவங்க பேசவும் செய்யறாங்க.”

வகுப்பில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். பார்வையை ஆராய்ந்தே தலை நரைத்தவனுக்கு அதுவே போதுமான தகவல். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவளுக்குப் பாடம் புகட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டி, படத்தை முதலிலிருந்து ஓட்டினேன்.

திரையின் இடது ஓரத்தில், சமையலறைக் கதவில் சாய்ந்தபடி என் மகள் நின்றாள். கறுப்புச் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி. சிவப்புப் புள்ளி உப்பு டப்பாவில் இருந்தது.

“அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“ம்” என்றது என் குரல்.

“அடுத்த பருவத்துலேர்ந்து நான் அத்தை வீட்டுல இருந்து படிக்கலாம்னு பாக்கறேன். அத்தைகிட்ட பேசிட்டேன், சரின்னாங்க.”

புள்ளி எண்ணெய்க்குப் போனது. “ம்.”

“அம்மாவுக்கு எப்பவும் ஆஸ்பத்திரி டியூட்டி. இங்க பேசறதுக்கு ஆளே இல்லப்பா. ஆனா நீங்க வேணாம்னு சொன்னா போகல.”

புள்ளி போனுக்குப் போனது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“போகட்டுமா?”

“சரி சரி. போயிட்டு வா.”

அவள் கதவிலிருந்து நகரவில்லை. பிறகு அதே குரலில், “அப்பா, அடுப்பு தீப்பிடிச்சு எரியுது” என்றாள்.

“ம். பாத்துக்கலாம்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள். நான் முட்டையைத் திருப்பிப் போட்டதும் அவள் உள்ளே போய்விட்டாள். அத்தனை நேரத்தில் புள்ளி ஒரு தடவைகூட அவள் முகத்துக்குப் போகவில்லை. முட்டை மட்டும் அழகாக வந்திருந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

“இன்னிக்கு இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பதிவை நீக்கினேன். நீக்கும் முன்பு கருத்துகளைப் படித்தேன். கண் கைக்கு முன்னால் போகிறது என்று எழுதியிருந்தவர்கள் இரண்டோ மூன்றோ பேர். மற்றவர்களில் பாதிப் பேர் ‘எங்க அப்பாவும் இதே கேஸ்தான்’ என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் ‘பாத்துக்கலாம்’ என்று மட்டும் எழுதிச் சிரித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் மருத்துவமனையில் செவிலியர். மகள் போவதைப் பற்றி அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“என்னங்க கேள்வி இது? நீங்கதான் மொதல்ல சரின்னு சொன்னீங்களாம். உங்ககிட்ட எப்படிச் சண்டைய ஆரம்பிக்கறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டிருக்கேன்.”

“அவ எப்பலேர்ந்து கண்ணாடி போடறா?”

அவள் தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “அதுகூடவா?” என்றாள். அதற்கு மேல் சண்டை போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

மகளின் அறையில் பெட்டி திறந்து கிடந்தது. அவள் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து பார்த்தேன்.

“என்னப்பா முறைக்கிறீங்க?”

“முறைக்கல. பாக்கறேன்.”

“இப்படிப் பாக்காதீங்க, பயமா இருக்கு.”

“கண்ணாடி எப்ப போட்ட?”

“பரீட்சைக்கு முன்னாடி. போர்டுல எழுதறது சரியா தெரியல. அம்மா கூட்டிட்டுப் போனாங்க.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“மூஞ்சியிலதானப்பா இருக்கு.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். வகுப்பில் பார்த்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதிவை எடுத்துவிட்டேன் என்றேன்.

“எல்லாரும் பாத்தப்புறம் எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? என்னக் கேக்காமயே போட்டீங்க. ஸ்கூல்ல என்னப் பாத்தாலே ‘பாத்துக்கலாம்’ங்கறாங்க.”

“போக வேணாம்மா.”

“இப்ப சொல்றீங்களேப்பா. நீங்க சரின்னதுமே அத்தை அங்க ஸ்கூல்ல இடம் வாங்கிட்டாங்க. எனக்குன்னு ஒரு ரூம ஒழிச்சும் வச்சிட்டாங்க. எப்படி வரலன்னு சொல்றது?”

அவள் முறையாக வந்து அனுமதி கேட்டிருக்கிறாள், நான் கொடுத்திருக்கிறேன். இருநூறு சாட்சிகள் வேறு. எனக்கு ரொம்ப வலித்தது. பெட்டியை மூட உதவினேன். அதிலும் அவள் விரலை நசுக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விட்டாள். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவது என்று ஏற்பாடு. இனி விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். அவள் கூப்பிடும் நேரத்துக்கு முகம் கழுவி, தலை சீவி, வெளிச்சம் பார்த்து உட்காருவேன். போனில் வேறு எதையும் திறக்க மாட்டேன். “இப்பல்லாம் அவ பேசினா நான் அசையறதே இல்ல, தெரியுமா?” என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவள் “ம்” என்றாள்.

ஒரு சாயங்காலம் மகள் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். புதுப் பள்ளியில் நீச்சல் சொல்லித் தரும் அம்மாவுக்கே தண்ணீரைக் கண்டால் பயமாம். கரையில் நின்றபடியே விசில் ஊதுவாராம். நான் “ஓஹோ”, “அப்புறம்?” என்று சரியான இடங்களில் சொன்னேன். அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லியிருப்பேன், அவ்வளவு கவனம்.

“அப்பா, யாரப் பாக்கறீங்க?”

“உன்னத்தான்.”

“இல்ல. உங்க கண்ணு மேல மூலைக்குப் போயிட்டுப் போயிட்டு வருது. அங்க சின்னதா நீங்கதான தெரிவீங்க? உங்களையே பாத்துக்கறீங்க.”

வீடியோ அழைப்பில் எல்லோருக்கும் கண் அப்படித்தான் போகும், அது இயல்பு என்று விளக்க வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். அவள் சொன்னது உண்மை. மகள் பேசுவதை அக்கறையோடு கேட்கும் ஓர் அப்பாவின் முகம் எப்படி இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. ரொம்ப நன்றாக இருந்தது. அதனால்தான் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

கட்டைவிரலால் அந்த மூலையை மூடினேன். திரையில் இப்போது அவள் மட்டும் இருந்தாள். “ம், சொல்லு” என்றேன். அவள் விட்ட இடத்திலிருந்து அந்த விசில்காரம்மாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். குரலில்தான் சிரிப்பு இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இமைகள் வீங்கியிருந்தன. கன்னம் இரண்டும் ஈரம்.

“அழறியாம்மா?”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“எப்பலேர்ந்து?”

“நீங்க போனை எடுத்ததுலேர்ந்துப்பா.”

விரலை எடுக்காமலே எழுந்து, இன்னொரு கையால் சட்டையைத் தேடினேன்.

“கட் பண்ணாத. நீ பேசிட்டே இரு” என்றேன். “நான் கிளம்பி வரேன்.”