என் வீட்டு மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி

கடற்கரைக்கு இறங்கும் வழியில் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்த ஒருவன் வேலி போட்டு, கதவு வைத்து, பூட்டும் மாட்டினான். இங்கே வழியே இருந்ததில்லை, நான் வாங்கிய நிலம் என்றான். நாங்கள் கடல்பாசி பொறுக்கிப் பிழைக்கிறவர்கள். தீவின் இந்தப் பக்கத்தில் எங்களுக்கு வேறு இறக்கம் கிடையாது. திங்கட்கிழமை விசாரணை. வழி இருந்ததை நாங்கள் காட்ட வேண்டுமாம், வாயால் சொன்னால் எடுபடாதாம்.

அதற்காகப் பாசிச் சங்கத்தார் யாஸ்னா என்ற வரைபடக்காரியை அழைத்து வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் விமானத்திலிருந்து எங்கள் ஊரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்தாள். வழி அதில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எடுத்தவன் யார், இத்தனை வருஷம் ஏன் எங்களிடம் காட்டவில்லை? மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சந்தேகப்படுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

குளிருக்கு என் சமையலறை விறகடுப்பு இதமாக இருக்கும் என்று மடிக்கணினியை அங்கேயே விரித்தாள்.

"பழைய படத்துல ஒரு இடம், இன்னைக்கு எடுத்த படத்துல அதே இடம். ரெண்டுலயும் ஒரு புள்ளி வெக்கணும், டான் எலாதியோ. அப்படி நாலஞ்சு வெச்சா, பழைய படம் இன்னைய நிலத்து மேல சரியா உக்காந்துக்கும். நகராத பொருளா சொல்லுங்க." பெரியவர்களை எங்கள் பக்கம் 'டான்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"நகராததா? என் வீடு. நான் பொறந்ததே இந்த வீட்லதான். பாரு, சமையலறை பின்னால துருத்திக்கிட்டு நிக்குது."

படத்தில் கரையோரமாக அதே துருத்தல் இருந்தது. அதன் மூலையில் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"கல்லறைச் சுவரு?"

"செத்தவங்களை நம்பலாம். சுவர் கட்டின கொத்தனை நம்ப முடியாது."

அவள் பாட்டுக்குச் சுவரிலும், தேவாலயத்திலும், கரையிலுள்ள கறுப்புப் பாறையிலும் புள்ளி வைத்தாள். என் வீட்டுப் புள்ளியிலிருந்து மட்டும் நீளமாக ஒரு சிவப்புக் கோடு கிளம்பியது.

"உங்க வீடு மத்ததோட ஒத்துப்போகல. எடுத்துடலாமா?"

"என் வீடு பொய் சொல்லுதா? பாறையை எடு. சுவரையும் எடு."

பெருமூச்சு விட்டுக்கொண்டே எடுத்தாள். படம் ஈரத்துணி மாதிரி இழுபட்டது. வழி கிளம்பிப் போய் என் உருளைக்கிழங்கு வயலின் நடுவில் படுத்துக்கொண்டது.

நான் மேசையில் அடித்த அடியில் மாத்தே இலைத் தேநீர்க் குடுவை உருண்டது. "அவன் எவ்வளவு குடுத்தான் உனக்கு? வழி தேட வந்தியா, என் வயலைப் புடுங்க வந்தியா?"

"நீங்க சொன்ன புள்ளிதான் இது!"

அடுப்போரம் கிழங்கு சீவிக்கொண்டிருந்த என் அக்கா எதெல்மிரா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"டேய், இந்த வீட்லதான் பொறந்தே. இங்கயா பொறந்தே? பூகம்பத்துல கடல் உள்ள வந்தப்புறம் இந்த மரவீட்டை அப்படியே கட்டை மேல ஏத்தி, மாடு கட்டி மேட்டுக்கு இழுத்தாங்களே, நீ ஜன்னல்ல உக்காந்து அழுதுகிட்டே வந்தியேடா!"

அந்தக் கதையை ஊர் விருந்துகளில் நானே அளந்திருக்கிறேன், மாடுகளின் பெயரோடு. வீடு நகர்ந்தால் இடமும் மாறும் என்பது மட்டும் இத்தனை வருஷமாக இந்த மண்டையில் ஏறவில்லை.

யாஸ்னா பாறையையும் சுவரையும் திரும்ப வைத்தாள், என் வீட்டை நீக்கினாள். வழி வயலைவிட்டு எழுந்து நேராகப் பூட்டிய கதவுக்குள் புகுந்து கடலுக்கு இறங்கியது. நான் கூவியே விட்டேன்.

"படத்துல மேட்டுப் பக்கம் பாருடா," என்றாள் அக்கா.

மேட்டில், அதே வழி தேவாலயத்திலிருந்து இறங்கி என் முன்கதவில் நுழைந்து அடுப்படி வழியாக வெளியேறியது. அன்று மாடுகள் களைத்து நின்ற இடத்திலேயே வீட்டை இறக்கிவிட்டு எல்லோரும் ஆப்பிள் மது குடிக்கப் போய்விட்டார்களாம். அதன்பிறகு ஊரே என் வீட்டைச் சுற்றி நடக்கிறது. வழி அங்கே வளைகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்!

குரலைத் தாழ்த்தினேன். "மகளே, படத்தை ஒரு வீட்டு அகலம் இந்தப் பக்கம் தள்ளேன்."

"தள்ளினா மொத்தமா தள்ளும். கீழ வழி கதவை விட்டு விலகிடும். அவரோட வக்கீல் விடுவாரா?"

அவன் வைத்தது வேலி. நான் வைத்தது வீடு. அவனாவது காசு கொடுத்து வாங்கியிருந்தான்.

"அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

திங்கட்கிழமை வரைபடத்தைக் காட்டினோம். பூட்டைக் கழற்றச் சொன்னார்கள். கூடவே வீட்டையும் வழியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

எங்கள் வழக்கப்படி, வீட்டை நகர்த்த வேண்டுமென்றால் வீட்டுக்காரனே வாசல் வாசலாகப் போய் மாடு கேட்டுக் கெஞ்ச வேண்டும். முதலில் பக்கத்து வயல்காரன் ரொசெண்டோவிடம் போனேன். நல்ல ஜோடி அவனிடம்தான் இருக்கிறது.

"போன மாசம் என் மாடு உன் முட்டைக்கோஸைத் தின்னுச்சுன்னு என்னைத் திருடன்னு சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"தின்னது உன் மாடுதானே?"

"அதுவும் அப்புறம் தெரிஞ்சுது."

"அதை இங்கயே நின்னு சத்தமா சொல்லு. என் பொண்டாட்டி உள்ள இருக்கா, அவளுக்குக் கேக்கணும்."

சத்தமாகச் சொன்னேன். உள்ளேயிருந்து, "சரியா காதுல விழலையே, டான் எலாதியோ!" என்று குரல் வந்தது.