சுவரில் தொங்கிய மூக்கு

கொக்கி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது கூடப் பிறந்த அண்ணன். மூக்கின் நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு வளைவு. சின்ன வயதில் ஏதோ சண்டையில் அவன் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழோடு சரி. தலை நரைத்துப் பேரன் எடுத்த பிறகும் அவன் போனில் "என்ன கொக்கி" என்றுதான் ஆரம்பிப்பான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அண்ணன் வாய் அதைவிடப் பெரியது.

போதாக்குறைக்கு அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். அடுத்தவர் மூக்கில் பிரேம் வைத்துப் பார்ப்பதுதான் நாள் முழுக்கத் தொழில். சப்பை மூக்கில் வழுக்கும், ஒல்லி மூக்கில் ஆடும். அவள் மூக்கில் மட்டும் எந்தப் பிரேமும் ஆணியடித்த மாதிரி உட்காரும். அதனால் புதுச் சரக்கு வந்தால் முதலாளி அவளைத்தான் போட்டுக் காட்டச் சொல்வார். வந்தவர்கள் பிரேமைப் பார்ப்பார்கள். மூக்கைத்தான் பார்க்கிறார்கள் என்று இவள் உள்ளுக்குள் குமைவாள்.

அவள் கணவர் அழகு ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவர். ஆபரேஷனுக்கு 'முன்' ஒரு படம், 'பின்' ஒரு படம். 'முன்' படத்துக்கு விளக்கு உச்சந்தலைக்கு மேலே எரியும். தலை குனிந்திருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. 'பின்' படத்துக்கு விளக்கு முகத்துக்கு எதிரே வந்துவிடும்; சிரித்தே ஆக வேண்டும். பாதி அழகு டாக்டர் கத்தியில், மீதிப் பாதி என் விளக்கில் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அவள் காதில் அது ஏறினால்தானே. ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு என்று தெரிந்த நாள் முதல் மூக்கைத் திருத்தியே ஆக வேண்டும் என்று பிடித்த பிடியை அவள் விடவில்லை. எனக்கு இந்த மூக்குதான் பிடிக்கும் என்றுகூட அவர் சொல்லிப் பார்த்தார். கட்டினவர் வேறென்ன சொல்வார் என்று ஒதுக்கிவிட்டாள்.

'முன்' படம் எடுக்கும் நாளும் வந்தது. பக்கத்தில் நர்ஸ் நின்றதால் அவர் ஆஸ்பத்திரிக் குரலில் பேச வேண்டியதாயிற்று.

"கொஞ்சம் குனிங்கம்மா. மூஞ்சிய உம்முன்னு வச்சுக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத மரியாதை. அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. குலுங்கிய குலுங்கலில் அவர் முழங்கை இடித்து விளக்கு அவள் முகத்துக்கு எதிரே திரும்ப, விரலும் பொத்தானை அழுத்திவிட்டது. பிறகு இருவரும் அடக்கிக்கொண்டு உம்மென்ற படங்களை ஒழுங்காக எடுத்து முடித்தார்கள். அந்தச் சிரித்த படத்தை அழிக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை; அதுவும் மற்றவற்றோடு சேர்ந்தே போனது.

வரவேற்பறைச் சுவரில் மாட்டப் படங்களைப் பிரிப்பது அங்கிருந்த வரவேற்பாளர்ப் பெண். அவளுக்குத் தெரிந்தது ஒரே கணக்குதான்: உம்மென்று இருந்தால் 'முன்', சிரித்தால் 'பின்'. அதுவரை அந்தக் கணக்கு தப்பியதில்லை.

ஆபரேஷன் அன்று காலை அவள் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தாள். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அங்கே வருகிறவர்கள் எல்லோரும் முகக்கவசம் போடுவது வழக்கம், அவளும் போட்டிருந்தாள். எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு 'பின்' படம். மூக்கும் முழியுமாக எவ்வளவு நன்றாயிருக்கிறாள் என்று நினைத்தாள். காதுத்தோடு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தால், தன்னுடையது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வரவேற்பாளரிடம் கேட்க எழுந்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரி, அந்தப் பக்கம் வந்த டாக்டரை மடக்கிவிட்டாள். பேசுவதற்காகக் கவசத்தை இறக்கியிருந்தாள்; ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மூக்கு அவளுக்கு. இப்படி ஒன்றுக்காகத்தான் கொக்கி இத்தனை வருஷம் ஏங்கியது.

"டாக்டர், எனக்கு அந்த மூக்குதான் வேணும். அந்த மேடு, அந்த வளைவு, எல்லாம் அப்படியே."

டாக்டர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். வந்து போகிற மூக்கையெல்லாம் நினைவில் வைத்திருக்க அவருக்கு எங்கே நேரம். ஆனால் தன் கைவேலை என்று மட்டும் தெரிந்துவிட்டது. அந்த மேட்டைக் கொண்டுவரத் தான் பட்ட பாட்டை விலாவாரியாகச் சொன்னார். சொன்ன வேகத்தில் கவசம் போட்டு நின்ற இவள் பக்கமும் திரும்பினார்.

"நீங்களும் அதையே செஞ்சுக்கலாம்மா. உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கும்."

அவள் கவசத்தைக் கழற்றினாள்.

"எனக்கு இன்னும் செய்யவே இல்ல டாக்டர். இன்னைக்குத்தான் வரச் சொன்னீங்க."

டாக்டர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வரவேற்பாளர் கீழே விழாத பேனாவைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தாள். அன்று அந்த ஆஸ்பத்திரியில் உடைபட்டது ஒரே ஒரு மூக்கு. அதற்கு மயக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த கணவர், சுவரைப் பார்த்ததும் கேமராவும் கையுமாக அசடு வழிய நின்றார். அவரை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது, முடியவில்லை. வீட்டுக் கண்ணாடி முன்னால் இத்தனை காலமும் தன்னைத் தானே 'முன்' படமாகவே பார்த்து வந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பசி உயிர் போகிறது, முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் என்று அவரைக் கிளப்பினாள்.

வாசலில் கோட்டு மூக்குக்காரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்வை இன்னும் அந்த மேட்டிலேயே இருந்தது.

"அப்போ இது பொறந்ததிலேருந்தே இருக்கா? கொடுத்து வச்சவங்க நீங்க."

கொக்கி மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கே இன்னைக்குத்தாங்க கெடச்சுது."